செவ்வாய்க்கிழமை, வில்சன் கார்டன்

முதலில் க்ரூஸர்.
சாவியை நீட்டிய சந்தன்
கன்னடத்தில் தொடங்கி
என் முகம் பார்த்துத் தமிழுக்கு வந்தான்:
"சோஃபா மாதிரி இருக்கும் மேடம்."
பொய்யில்லை.
இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய,
கால்கள் முன்னே நீள,
ஆனேபாளையா சிக்னல் வரை
வீதியுலா கிளம்பிய சாமி போலப் போனேன்.
சிக்னலில் அண்ணாந்து பார்த்தால்
ஒரு தபேபுயா மரம்.
பாதி பூ, பாதி கேபிள் ஒயர்.
ஆறு வருடமாய் இதே வழி.
இன்றைக்குத்தான் அறிமுகம்.

அடுத்தது ஸ்போர்ட்ஸ்.
சீட்டில் ஏறி நுனிவிரலில் நின்றேன்,
மேல்தட்டு ஊறுகாய் ஜாடிக்கு எக்குகிறவள் போல.
டேங்க் மேல் கவிழ்ந்தால்
உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில்.
மரமும் இல்லை, வானமும் இல்லை.
பதினைந்தடி தார்,
முன்னால் போன ஆட்டோவின் முதுகில்
'தாயிய ஆசீர்வாத.'
அதே சிக்னல்.
நூற்று இருபது நொடி.
தொடைக்கு நடுவே இஞ்சின்
மூன்றாம் விசிலுக்குக் காத்திருக்கும் குக்கராய்க் கொதிக்க,
சாப்பாட்டுப் பையோடு ஒரு பையன்
தன் பழைய மொபெட்டை
இல்லாத இடுக்கில் நுழைத்து
எனக்கு முன்னால் போய் நின்றான்.
இந்த ஊரில்
எல்லா வண்டிக்கும் ஒரே கியர்தான்.

பிசியோ எர்னஸ்ட் போன வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்:
"க்ரூஸர். கழுத்தெலும்பு ரெண்டு ஏற்கெனவே
புகார் மனுவோட நிக்குது டாக்டர்."
பரிதி, போட்டோவில் பின்சீட்டை
இரு விரலால் பெரிதாக்கிப் பார்த்து,
"இது சீட்டா, சோப்பு டப்பாவா?
நான் உட்கார இடமில்லாத வண்டியா வாங்கப் போறே?"
என்று சிரித்தான்.
கேள்வியின் கடைசியில்
சிரிப்பு இல்லை.

நான் பல் டாக்டர்.
காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை
ஊரார் வாய்க்குள் குனிந்திருப்பவள்.
கடைவாய் இருட்டு,
ஒரு மில்லிமீட்டர் தள்ளி நரம்பு,
என் முகத்துக்கு நேரே அவர்களுடைய பயம்.
பதினேழு வருடக் குனிவு.
நிமிர்ந்து உட்கார ஒரு வண்டி வேண்டும் என்றுதான்
லோனுக்கே எழுதிப் போட்டேன்.

ஆனால் சிக்னல் விழுந்த பிறகு
கல்லறைத் தோட்டத்து மதிலோரம்
முந்நூறு மீட்டர் சாலை
யாரோ எடுத்துப்போக மறந்ததுபோல்
காலியாகக் கிடந்தது.
இரண்டாவது கியர்.
மூன்றாவது.
அவ்வளவுதான் நடந்தது.
அவ்வளவு குனிந்தும்
முகத்துக்கு எதிரே யாருடைய வாயும் இல்லை.
காற்று இருந்தது.
அதற்கு எங்கேயும் வலிக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சாவியைத் தந்தேன்.
சந்தன் தலையாட்டினான்.
வேர் சிகிச்சை என்றதும்
"அடுத்த வாரம் வர்றேன் டாக்டர்" என்பவர்களுக்கு
நான் ஆட்டும் அதே தலை.

லால்பாக்கில் மெட்ரோ ஏறினேன்.
ஜெயநகரில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை.
ஆர்.வி. ரோடு தாண்டி ரயில் வேகமெடுக்கையில்
கம்பியைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டு
என்னைக் கேட்காமல்
ஒரு நூல் கீழே திரும்பியது.
முழங்கைகள் உள்ளே ஒடுங்கின.
எதிரே நின்ற பெண்
பையை மார்போடு அணைத்துச் சற்றே நகர்ந்தாள்.

எர்னஸ்டிடம் இனி
வாரம் இரண்டு நாள் கேட்க வேண்டும்.
பரிதியிடம் ஸ்கூட்டர் இருக்கிறது.
பின்னாலேயே வரட்டும்,
சோப்பு டப்பாவைத் திட்டிக்கொண்டே.

கோணனகுண்டே வருவதற்குள்
சந்தனுக்கு ஒரு மெசேஜ்:
'நீலம் இருக்கா?'

உடனே வந்தது பதில்:
'எதுல மேடம்?'